இடி விழுந்தது போல ஒரு தலைவலி

பழைய சைக்கிள் டியூபைப் பார்த்திருப்பீர்கள். காற்று அடித்தால் ஓர் இடம் மட்டும் முட்டை போலப் புடைக்கும். அங்கே ரப்பர் மெலிந்துவிட்டது. மூளையின் ரத்தக்குழாயிலும் சிலருக்கு இப்படிப் புடைப்பு வருகிறது. பல வருடம் ஒரு தொந்தரவும் இருக்காது. திடீரென்று ஒரு நாள் வெடித்துவிடும்.

அப்போது தலைவலி வரும். இடி விழுந்தது போல, ஒரே நொடியில் மண்டையைப் பிளக்கும். வாந்தி வரும். கழுத்து விறைக்கும். சிலர் மயங்கி விழுவார்கள்.

"பித்தத் தலைவலி. தைலம் தேய்த்துக்கொண்டு படு" என்பார்கள் வீட்டில். இங்கேதான் ஆபத்து. வெடித்த இடம் மறுபடி வெடிக்கலாம். முதல் 24 மணி நேரத்தில் அந்தப் பயம் மிக அதிகம். மறுபடி வெடித்தால் பிழைப்பது கடினம்.

நினைவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் நன்றாகத் தேற வாய்ப்பு அதிகம். நினைவு தப்பியவருக்குக் குறைவு. வயதும், கசிந்த ரத்தத்தின் அளவும் கணக்கில் வரும். வயதை யாரும் மாற்ற முடியாது. நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். பல மாநிலங்களில் 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். ஸ்கேன் வசதியும் மூளை ஆபரேஷன் வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அங்கே மண்டையைத் திறந்து, புடைப்பின் அடியில் சிறிய கிளிப் போடுவார்கள். அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பிச் சுருளால் புடைப்பை அடைப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் வீட்டுக்குப் போக அவசரப்படக் கூடாது. நாலாம் நாள் முதல் இரண்டு வாரம் வரை மற்ற ரத்தக்குழாய்கள் சுருங்கலாம். கை கால் விழுந்துபோகலாம். இதனால் வரும் கெடுதலைக் குறைக்க நிமோடிபின் என்ற மருந்தை வழக்கமாக 21 நாள் கொடுப்பார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும் எழுப்பிக் கொடுப்பார்கள். "பாவம், தூங்கட்டும்" என்று தடுக்காதீர்கள்.

வீடு திரும்பிய மருமகள் நன்றாக நடக்கிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் ஒரு குடம் தண்ணீர் எடுத்ததும் களைத்துப் படுக்கிறாள். அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறாள். சத்தம் கேட்டால் எரிந்து விழுகிறாள். "சோம்பேறி ஆகிவிட்டாள்" என்கிறார் மாமியார். இது சோம்பல் இல்லை. அடிபட்ட மூளையின் களைப்பு. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். வேலையைப் பிரித்துக்கொடுங்கள். பகலில் சற்றுப் படுக்க விடுங்கள்.

பீடி, சிகரெட் கூடவே கூடாது. டாக்டர் சொல்லாமல் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். என்ன கிளிப், என்ன சுருள் என்று அதில் எழுதியிருக்கும். பிறகு எப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாலும் முதலில் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும்.