ஒரே தாளில் மூவர் வேலை: ஃப்ரீலான்சர்களுக்கு ஒரு பாடம்

புவனகிரியில் வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு விளம்பரக் கையேடு வடிவமைக்கிறீர்கள். படம் எடுப்பவர் சிதம்பரத்தில், வேலை கொடுத்த நிறுவனம் கடலூரில். மூவருக்கும் பொதுவாக இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும்தான். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் கடைசி' என்று கோப்புகள் குவியும். இரண்டு மாதம் கழித்துப் பணம் கேட்டால், "எப்போ முடிச்சுக் கொடுத்தீங்க?" என்ற கேள்வி வரும். தேதி உங்கள் நினைவில் இருக்கும், கையில் இருக்காது.

இதைச் சரிசெய்ய பெரிய மென்பொருள் வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் அல்லது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ஷீட் போதும். இரண்டையும் செல்போனிலேயே இலவசமாகத் தொடங்கலாம்.

1. ஐந்து கட்டங்கள் போடுங்க

வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், ஒப்படைத்த தேதி, வாடிக்கையாளர் சொன்னது. இவ்வளவுதான். கட்டங்கள் கூடினால் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

2. அனுமதியைப் பிரித்துக் கொடுங்க

உங்களுக்கும் படம் எடுப்பவருக்கும் திருத்தும் அனுமதி. நிறுவனத்துக்குக் கருத்துச் சொல்லும் அனுமதி மட்டும். அப்போது அவர்கள் சொல்லும் ஒவ்வொரு திருத்தமும் எழுத்தில், தேதியோடு நிற்கும். போனில் சொன்னால், "இதைத்தானே சொன்னீங்க?" என்று ஒரு வரி எழுதி அங்கேயே பதியுங்க.

3. ஒரே கோப்பைத் திருத்துங்க

புதுப்புதுப் பெயரில் கோப்பு வேண்டாம். பழைய நிலை தேவைப்பட்டால் 'பதிப்பு வரலாறு' பகுதியில் பார்க்கலாம். யார், எப்போது மாற்றினார்கள் என்பதும் அதில் தெரியும்.

4. பில் யார் போடுவது?

ஒருவர் மொத்தமாகப் போட்டு மற்றவருக்குப் பிரித்துக் கொடுப்பதா, அவரவர் தனித்தனியாகப் போடுவதா? வேலை தொடங்கும் முன்பே தாளின் மேல்பகுதியில் எழுதிவிடுங்க. நண்பர்களுக்குள் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கும்.

ஒப்படைத்த தேதி ஏன் முக்கியம்?

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 என்று ஒரு மத்திய சட்டம் உண்டு. குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்தவர் பொருளோ சேவையோ கொடுத்தால், வாங்கியவர் குறித்த காலத்துக்குள் பணம் தரவேண்டும். எழுத்து உடன்பாடு இல்லையென்றால் 15 நாள். உடன்பாடு இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி.

இந்தக் கணக்கு வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடும். ஒப்படைத்த 15 நாளுக்குள் வாடிக்கையாளர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். ஆகவே உங்கள் தாளின் நான்காவது கட்டம் வெறும் குறிப்பல்ல, பணத்துக்கான சாட்சி.

ஒரு எச்சரிக்கை: நீங்களே திருத்தக்கூடிய தாளை மட்டும் நம்பாதீங்க. வேலை முடிந்த அன்றே கோப்பை மின்னஞ்சலிலும் அனுப்பி, "இன்று ஒப்படைத்துவிட்டேன்" என்று எழுதுங்க.

நீங்கள் செய்ய வேண்டியது

இந்தப் பாதுகாப்புக்கு உத்யம் பதிவு தேவை. ஆதார், பான் எண் இருந்தால் தனிநபராகவே பதியலாம். அரசு இணையதளத்தில் கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க. வேலையை ஏற்கும் முன்பே பதிவை முடிப்பது நல்லது. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் போடுங்க.

பணம் வராவிட்டால் குறு, சிறு தொழில்களுக்கான வசதியாக்கல் மன்றத்துக்கு இணையவழியில் மனு செய்யலாம். பில், வேலை ஆணை, ஒப்படைத்த மின்னஞ்சல், வாடிக்கையாளரின் கருத்துகள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். நான்கையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்தால் மனு எழுத அலைய வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்க.

அடுத்த வேலை வரும்போது முன்பணம் பேசும் அன்றே தாளையும் திறந்து, இணைப்பை மூவருக்கும் அனுப்பிடுங்க.