ஓசூர்ப் பிள்ளைகளும் பிளஸ் டூ மதிப்பெண்ணும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் ஓசூரில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது: "எல்லை தாண்டி கர்நாடகத்து அத்திப்பள்ளியிலோ சந்தாபுரத்திலோ பி.யூ.சி. சேர்த்துவிட்டால் பெங்களூரு காலேஜில் சுலபமாக சீட் கிடைத்துவிடும்." நம் பகுதிப் பிள்ளைகளுக்கு அதிக இழப்பைத் தரும் நம்பிக்கை இதுதான்.

கர்நாடக சி.இ.டி. வழியாக அரசு ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர, பொதுவாக ஏழு ஆண்டுகளாவது அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். கன்னடம் தாய்மொழியான எல்லைப்பகுதியினர் உட்படச் சிலருக்கு மட்டும் தனி விதிகள் உண்டு. நம் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இணையான இரண்டு ஆண்டு பி.யூ.சி. அந்தக் கணக்கை நிரப்பாது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது, காமெட்-கே தேர்வு வழியாகத் தனியார் கல்லூரி சீட்டும் மேனேஜ்மென்ட் கோட்டாவும்தான். காமெட்-கேக்குப் பிளஸ் டூ முக்கியப் பாடங்களில் 45 சதவீதம் இருந்தால் போதும். அதற்குமேல் அந்தத் தேர்வின் ரேங்க்தான் பேசும். அதை எழுத எல்லை தாண்டவே வேண்டாம். தேன்கனிக்கோட்டை அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டே எழுதலாம்.

எல்லை தாண்டும் அரசுப் பள்ளி மாணவர் இழப்பதோ மிகப் பெரிது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. பத்து வரை இங்கே படித்துவிட்டு பி.யூ.சி.க்குப் போன பிள்ளைக்கு இது கிடையாது. சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் பெற்றோர், கிடைக்காத சீட்டுக்காகக் கையில் இருந்த உரிமையை விட்டுவிடுவது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

ஏற்கெனவே அங்கே சேர்த்துவிட்டவர்கள் கலங்க வேண்டாம். பிறப்பிடச் சான்று இருந்தால் தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் கலந்துகொள்ளலாம். வேறு வாரிய மதிப்பெண்ணை நம் மாநில வாரியத்தோடு சமன்செய்துதான் தரவரிசை போடுகிறார்கள்.

அடுத்தது, "600-க்கு எவ்வளவு?" என்ற கேள்வி. பொறியியலுக்கு மொத்தம் முக்கியமில்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்கான கட்-ஆஃப்தான் கணக்கு. மூன்றிலும் 80 எடுத்து, மற்றப் பாடங்களின் பலத்தில் மொத்தம் 525 பெற்றவருக்குக் கட்-ஆஃப் 160. மொத்தம் 500 மட்டுமே பெற்று, கணிதத்தில் 95, இயற்பியலில் 90, வேதியியலில் 88 வைத்திருப்பவருக்கு 184. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியானாலும் கிண்டியானாலும் இரண்டாமவருக்குத்தான் முதலில் அழைப்பு. கட்-ஆஃப் சமமானால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் கணக்கே வேறு: நான்கு முக்கியப் பாடங்களின் 400, பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்.

கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரிக்கோ பிளஸ் டூ தகுதி மட்டும்தான். ரேங்க்கைத் தீர்மானிப்பது நீட்.

"பிளஸ் ஒன் மதிப்பெண்ணை யாரும் பார்ப்பதில்லை" என்பதில் பாதி உண்மை உண்டு. உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே என்று 2018-இல் அரசு அறிவித்தது. ஆனால் 2021-இல் கொரோனாவால் பொதுத் தேர்வு ரத்தானபோது, பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்றுதான் மதிப்பெண் தந்தார்கள். நீட், ஜே.இ.இ. தேர்வுகளோ பிளஸ் ஒன் பாடத்தையும் சேர்த்தே கேட்கின்றன.

"மார்க் குறைந்தால் கம்பெனி வேலைதான்" என்பதைத்தான் நான் முழுமூச்சாக மறுப்பேன். ஒரு பாடத்தில் தவறினால் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரி சேரலாம். மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கி, மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தபின் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம்; அங்கே தரவரிசைக்கு எடுப்பது டிப்ளமோ மதிப்பெண்ணை, பிளஸ் டூவை அல்ல.