ஒரு தொலைக்காட்சியும் பல கருவிகளும்: வீடியோ தெரிவு ஆளியின் தொழிற்பாடு



உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தை ஒருமுறை அவதானியுங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய நிறங்களில் மூன்று வட்டக் குதைகள் காணப்படலாம். அவற்றின் அருகே "ஏ.வி. இன்" என்று பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பெட்டிகள் பலவற்றில் இத்தகைய தொகுதி ஒன்று மாத்திரமே உண்டு. ஆனால் வீட்டில் உள்ள கருவிகளோ பல: செய்மதி அலைவாங்கி, டி.வி.டி. பிளேயர், தம்பியின் விளையாட்டுக் கருவி. ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைச் செருகினால் குதை தளர்ந்து விடும். பின்னர் செருகியைக் கையால் பிடித்துக் கொண்டிருந்தால்தான் படம் தெரியும் என்ற நிலை வரும்.

இதற்குத் தீர்வாக அமைவது வீடியோ தெரிவு ஆளி ஆகும். கடையில் "ஏ.வி. செலக்ரர்" என்று கேட்டால் தருவார்கள். இப்பாடத்தில் அதன் அமைப்பு, தொழிற்பாடு, இணைக்கும் ஒழுங்கு, பாதுகாப்பு என்பவற்றை நோக்குவோம். நீங்கள் விஞ்ஞான பாடத்தில் கற்ற ஓமின் விதியும் தடைகளின் சேர்க்கையும் இங்கே நேரடியாகப் பயன்படுவதைக் காண்பீர்கள்.

1. அடிப்படை எண்ணக்கருக்கள்

உள்ளீடு: கருவியொன்றினுள் சைகை செல்லும் இடம்.
வெளியீடு: கருவியொன்றிலிருந்து சைகை வெளிவரும் இடம்.

டி.வி.டி. பிளேயரின் வெளியீடு தொலைக்காட்சியின் உள்ளீட்டுடன் இணைக்கப்பட வேண்டும். வெளியீட்டை வெளியீட்டுடன் இணைப்பது தவறாகும்.

நிறங்களின் பொருள் வருமாறு:

மஞ்சள் – படம்
வெள்ளை – இடப்பக்க ஒலி
சிவப்பு – வலப்பக்க ஒலி

மஞ்சள் வடம் ஒன்றே முழுப் படத்தையும் கொண்டு செல்கிறது. இலங்கையில் 1982ஆம் ஆண்டு ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய போது பின்பற்றப்பட்ட ஒப்புமை முறையில், செக்கனுக்கு 25 சட்டகங்களும் ஒவ்வொரு சட்டகத்திலும் 625 கோடுகளும் அடங்கும். ஒளிர்வு, நிறம், ஒவ்வொரு கோடும் எப்போது தொடங்குகிறது என்பதைக் காட்டும் துடிப்பு ஆகிய யாவும் ஒரே சைகையாகச் சேர்க்கப்பட்டு அந்த ஒரு வடத்தில் செல்கின்றன. எனவே அச்சைகை பலவீனமடைந்தால் படம் மங்குவது மட்டுமன்றி, படம் நிலையாக நிற்காமல் ஓடவும் கூடும்.

2. வயர்களை முறுக்கி ஒன்றாக இணைத்தால் என்ன?

"ஆளி எதற்கு? இரண்டு கருவிகளின் மஞ்சள் வயர்களையும் ஒன்றாக முறுக்கித் தொலைக்காட்சியில் செருகினால் போதாதா?" எனச் சிலர் வினவுவர். போதாது என்பதைக் கணித்தே காட்டலாம்.

வீடியோ வெளியீடு ஒன்றை, 2 வோல்ற்று மின்னியக்க விசையும் 75 ஓம் அகத்தடையும் கொண்ட முதலாகக் கருதுக. தொலைக்காட்சி உள்ளீட்டின் தடையும் 75 ஓம் ஆகும்.

(அ) ஒரு கருவி மாத்திரம் இணைக்கப்பட்டுள்ள போது:

மொத்தத் தடை = 75 + 75 = 150 ஓம்
தொலைக்காட்சிக்குக் கிடைக்கும் அழுத்த வித்தியாசம் = 2 × 75/150 = 1 வோல்ற்று

இந்த 1 வோல்ற்றே தொலைக்காட்சி எதிர்பார்க்கும் அளவாகும்.

(ஆ) இரண்டாவது கருவியும் அதே வயரில் முறுக்கப்பட்டுள்ள போது:

இரண்டாவது கருவி எதனையும் இயக்காமல் சும்மா இருந்தாலும் அதன் 75 ஓம் அகத்தடை தொலைக்காட்சிக்குச் சமாந்தரமாக அமைகிறது.

75 ஓம், 75 ஓம் ஆகியவற்றின் சமவலுத் தடை = 37.5 ஓம்
மொத்தத் தடை = 75 + 37.5 = 112.5 ஓம்
தொலைக்காட்சிக்குக் கிடைப்பது = 2 × 37.5/112.5 = 0.67 வோல்ற்று (அண்ணளவாக)

அதாவது, சைகையின் மூன்றில் ஒரு பங்கு இழக்கப்படுகிறது. படம் இருண்டு தோன்றும். இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் இயங்கினால் இரு படங்களின் துடிப்புகளும் ஒன்றோடொன்று மோதி, எந்தப் படமும் ஒழுங்காகத் தெரியாது.

ஆகவே தேவைப்படும் கருவியைத் தொடுப்பது மட்டும் போதாது. தேவைப்படாத கருவியைச் சுற்றிலிருந்து நீக்கவும் வேண்டும். தெரிவு ஆளி செய்யும் முக்கியமான வேலை இந்த இரண்டாவதே ஆகும்.

3. தெரிவு ஆளியின் அமைப்பு

மாடிப்படி விளக்கில் பயன்படும் இருவழி ஆளியை நீங்கள் அறிவீர்கள். அதில் பொது முனை ஒன்று உண்டு. அது ஒரு நேரத்தில் இரண்டு வழிகளில் ஒன்றுடன் மாத்திரமே தொடும். தெரிவு ஆளியும் அதே தத்துவத்திலேயே இயங்குகிறது. வேறுபாடுகள் இரண்டு:

(i) வழிகள் கூடுதலானவை. நான்கு கருவிகளுக்கான பெட்டியில் நான்கு வழிகள் உண்டு.
(ii) முனைவுகள் கூடுதலானவை. படம், இடது ஒலி, வலது ஒலி ஆகிய மூன்றும் ஒன்றாக மாற வேண்டும். ஆதலால் மூன்று ஆளிகள் ஒரே பொத்தானால் ஒன்றாக இயக்கப்படுகின்றன.

எனவே இது "மும்முனைவு நால்வழி ஆளி" ஆகும். ஒரு பொத்தானை அழுத்தும்போது முன்னர் அழுத்தப்பட்டிருந்த பொத்தான் தானாகவே மேலெழும். இதனால் இரு கருவிகள் ஒரே நேரத்தில் தொடுக்கப்படுவது தவிர்க்கப்படுகிறது.

இவ்வகைப் பொத்தான் பெட்டிகளுக்கு மின்வழங்கல் தேவையில்லை. உள்ளே இருப்பவை உலோகத் தொடுகைகள் மட்டுமே. ஆதலால் இவை சைகையைப் பெருப்பிக்கவோ தெளிவாக்கவோ மாட்டா.

4. இணைக்கும் ஒழுங்கு

1. எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, செருகிகளை மின் குதைகளிலிருந்து கழற்றுக.
2. ஆளிப் பெட்டியின் வெளியீட்டுக் குதைகளிலிருந்து தொலைக்காட்சியின் உள்ளீட்டுக் குதைகளுக்கு மூன்று வடங்களையும் நிறத்துக்கு நிறம் இணைக்குக.
3. முதலாவது கருவியின் வெளியீட்டை ஆளிப் பெட்டியின் முதலாம் உள்ளீட்டுடன் இணைக்குக.
4. ஏனைய கருவிகளையும் இவ்வாறே ஒவ்வொன்றாக இணைக்குக.
5. ஒவ்வொரு வடத்தின் நுனியிலும் கருவியின் பெயரைத் தாளில் எழுதி ஒட்டுக. பொத்தான்களின் மேலும் அவ்வாறே ஒட்டுக.
6. மின் வழங்கியபின் றிமோட் மூலம் தொலைக்காட்சியை "ஏ.வி." நிலைக்கு மாற்றுக.
7. கருவிகளை ஒவ்வொன்றாக இயக்கி, உரிய பொத்தானை அழுத்திச் சோதிக்குக.

ஐந்தாம் படிமுறையைச் சிறிய விடயம் என விட்டுவிடாதீர்கள். வயர்களை இணைத்தவருக்கு மட்டுமே விளங்கும் தொகுதி, அவர் வீட்டில் இல்லாத நாளில் பயன்படாது. நீங்கள் பாடசாலைக்குப் போன பின்னர் அம்மம்மா தனியே செய்தி பார்க்கக் கூடியதாக இருந்தால்தான் உங்கள் வேலை முற்றுப்பெற்றதாகும்.

குறிப்பு: சில புதிய தொலைக்காட்சிகளில் மூன்று குதைகளுக்குப் பதிலாக ஒரு சிறு வட்டத் துளை மட்டும் இருக்கும். அதற்குரிய இணைப்பு வயர் பெட்டியுடன் வழங்கப்பட்டிருக்கும். அதனைக் கழித்துவிடாமல் பாதுகாத்து வைக்க வேண்டும்.

5. மாணவர்கள் குழம்பும் மூன்று கருவிகள்

தெரிவு ஆளி: பல உள்ளீடுகள், ஒரு வெளியீடு. ஒரு நேரத்தில் ஒன்றையே தெரிவு செய்யும்.

பிரிப்பி: ஓர் உள்ளீடு, பல வெளியீடுகள். ஒரே படத்தைப் பல தொலைக்காட்சிகளில் ஒரே நேரத்தில் காட்டும். இதனுள் விரியலாக்கி இருத்தல் வேண்டும். இல்லாவிடின் இரு தொலைக்காட்சிகளின் 75 ஓம் தடைகளும் சமாந்தரமாகி, மேலே கணித்த அதே 0.67 வோல்ற்றே கிடைக்கும்.

மாற்றி: ஒருவகைச் சைகையை வேறொரு வகையாக மாற்றும். உதாரணமாக, மஞ்சள் வடத்தின் ஒப்புமைச் சைகையை எச்.டி.எம்.ஐ. இலக்கமுறைச் சைகையாக மாற்றுதல்.

கடையில் பெயரை மாற்றிக் கேட்டால் பணம் வீணாகும். விடைத்தாளில் மாற்றி எழுதினால் புள்ளி வீணாகும்.

6. எச்.டி.எம்.ஐ. ஆளி

எச்.டி.எம்.ஐ. நியமம் 2002ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. படமும் ஒலியும் இலக்கமுறையில் ஒரே வடத்தில் செல்கின்றன. வழமையான செருகியில் 19 தொடுகைகள் உண்டு. இங்கே சைகை மிக விரைவாக மாறுவதால் சாதாரண பொத்தான் ஆளி பொருத்தமற்றது. ஒருங்கிணைந்த சுற்று ஒன்றே தெரிவைச் செய்கிறது. வெளியே ஒரு பொத்தான் இருந்தாலும் அது அச்சுற்றுக்குக் கட்டளை இடுவதற்கே ஆகும்.

அச்சுற்று இயங்க மின் தேவை. எச்.டி.எம்.ஐ. வடத்தின் 18ஆம் தொடுகையினூடாக 5 வோல்ற்று வருகிறது. சிறிய ஆளிகள் பல அதைக் கொண்டே இயங்கும். அது போதாதபோது தனியான 5 வோல்ற்று வழங்கியை இணைக்க வேண்டும். கருவி இயங்கத் தொடங்கியதை உணர்ந்து தானாகவே அதற்கு மாறும் ஆளிகளும் உண்டு.

வாங்கும்போது கவனிக்க: 4கே படத்தைச் செக்கனுக்கு 60 சட்டகங்களாகப் பார்க்க வேண்டுமாயின் தொலைக்காட்சி, கருவி, ஆளி, வடம் ஆகிய நான்குமே அதற்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும். எச்.டி.எம்.ஐ. 1.4 நியமத்துக்குரிய ஆளியில் 4கே படம் செக்கனுக்கு 30 சட்டகங்களுக்கு மட்டுப்படும்.

7. பழுது காணல்

படமும் ஒலியும் இல்லை – தொலைக்காட்சி "ஏ.வி." நிலையில் உள்ளதா? உரிய பொத்தான் அழுத்தப்பட்டுள்ளதா?
ஒலி உண்டு, படம் இல்லை – மஞ்சள் செருகி கழன்றிருக்கலாம்.
படம் இல்லை, பெரும் இரைச்சல் கேட்கிறது – மஞ்சள் செருகி ஒலிக் குதையில் செருகப்பட்டிருக்கலாம்.
ஒரு கருவியின் படத்துடன் வேறு கருவியின் ஒலி – வெள்ளை, சிவப்புச் செருகிகள் வேறு உள்ளீட்டில் செருகப்பட்டுள்ளன.
ஒரு கருவியில் மட்டும் பழுது – அக்கருவியை வேறோர் உள்ளீட்டுக்கு மாற்றிப் பார்க்குக. பழுது கருவியுடன் சேர்ந்து நகர்ந்தால் குறை கருவியிலோ அதன் வடத்திலோ உள்ளது. நகராவிடின் குறை ஆளியின் அந்த உள்ளீட்டில் உள்ளது.

8. பாதுகாப்பு: ஆளி வெட்டாத தொடுப்பு

ஒவ்வொரு வடத்திலும் நடுவே சைகைக் கம்பியும் அதனைச் சுற்றிக் கவசக் கம்பியும் உள்ளன. மலிவான தெரிவு ஆளிகள் பெரும்பாலானவை நடுக் கம்பியை மாத்திரமே வெட்டுகின்றன. கவசக் கம்பிகள் யாவும் பெட்டியினுள் எப்போதும் ஒன்றாகவே தொடுக்கப்பட்டிருக்கும். ஆகவே, தெரிவு செய்யப்படாத கருவியும் ஏனைய கருவிகளுடன் தொடுப்பிலேயே உள்ளது.

இடிமின்னலின்போது இதுவே ஆபத்தாகிறது. டிஷ் அன்ரனா வடத்தின் வழியே வரும் மிகை மின்னோட்டம், கவசக் கம்பிகளினூடாக எல்லாக் கருவிகளுக்கும் பரவலாம். பொத்தானை மாற்றி வைப்பதோ றிமோட்டால் நிறுத்துவதோ பாதுகாப்பைத் தராது. இலங்கையில் இடைப்பருவப் பெயர்ச்சிக் காலங்களான மார்ச் – ஏப்ரல், ஒக்டோபர் – நவம்பர் மாதங்களில் பிற்பகல் வேளைகளில் இடிமின்னல் அதிகம். வானம் இருளத் தொடங்கும்போதே அன்ரனா வடத்தையும் மின் செருகிகளையும் கழற்றி விடுக. இடி முழங்கத் தொடங்கிய பின்னர் வடங்களைத் தொடலாகாது. கருவிகள் போனால் போகட்டும், உயிரே முக்கியம்.

9. மாதிரி வினாக்கள்

(1) நான்கு உள்ளீடுகள் கொண்ட ஏ.வி. தெரிவு ஆளியில் ஒவ்வொரு பொத்தானும் எத்தனை சைகைக் கம்பிகளை ஒன்றாக மாற்றுகிறது? அவை யாவை?
(2) பகுதி 2இல் தரப்பட்ட சுற்றில் மூன்றாவது கருவியும் அதே வயரில் முறுக்கப்பட்டால் தொலைக்காட்சிக்குக் கிடைக்கும் அழுத்த வித்தியாசம் யாது?
(3) பொத்தான் வகைத் தெரிவு ஆளியைத் திருப்பி, ஒரு டி.வி.டி. பிளேயரின் படத்தை இரு தொலைக்காட்சிகளில் ஒரே நேரத்தில் காட்டலாம் என ஒரு மாணவர் கூறுகிறார். இக்கூற்றை ஆராய்க.
(4) தெரிவு செய்யப்படாத கருவியும் மின்னலால் பழுதடையக் கூடும். காரணம் தருக.

விடைகள்

(1) மூன்று. படம், இடது ஒலி, வலது ஒலி.
(2) தொலைக்காட்சியும் ஏனைய இரு கருவிகளும் சமாந்தரமாக உள்ளன. சமவலுத் தடை = 75/3 = 25 ஓம். மொத்தத் தடை = 75 + 25 = 100 ஓம். அழுத்த வித்தியாசம் = 2 × 25/100 = 0.5 வோல்ற்று.
(3) கூற்று தவறானது. திருப்பி இணைத்தால் சைகை மறுதிசையில் செல்லும்; ஆயினும் ஒரு நேரத்தில் ஒரு தொலைக்காட்சிக்கே செல்லும். இரண்டிலும் ஒன்றாகக் காட்டுவதற்கு விரியலாக்கி உள்ள பிரிப்பி தேவை.
(4) ஆளி சைகைக் கம்பியை மாத்திரமே வெட்டுகிறது. கவசக் கம்பிகள் தொடர்ந்தும் ஒன்றாக இணைந்திருப்பதால் மிகை மின்னோட்டம் அதனூடாகப் பரவலாம்.

ஞாபகத்தில் வைத்திருங்கள்: தெரிவு ஆளி படங்களைச் சேர்ப்பதில்லை, பெருப்பிப்பதில்லை, வகை மாற்றுவதுமில்லை. பலவற்றுள் ஒன்றைத் தொடுத்து, மற்றவற்றின் சைகையை நீக்குகிறது. விடை எழுதும்போது "தொடுக்கிறது" என்பதோடு நிறுத்தாமல் "நீக்குகிறது" என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பின்னர் ஒரு வெற்றுத் தாளில் உங்கள் வீட்டுக் கருவிகளுக்கான இணைப்புப் படத்தை உள்ளீடு, வெளியீடு குறித்து வரைந்து பாருங்கள். புத்தகத்தைப் பாராமல் வரைய முடிந்தால் இப்பாடம் உங்களுக்கு விளங்கிவிட்டது.