கற்பனைக் குடும்பமும் காண்போர் உள்ளமும்

நாடகம் என்பது நிகழாத ஒன்றை நிகழ்ந்ததுபோல் காட்டும் கலை. மேடையில் மடிந்து வீழ்ந்த மன்னன், திரை விழுந்தபின் எழுந்து வேடம் களைந்து வீடு திரும்புவான் என்பதை அவையிலுள்ள அனைவரும் அறிவர். ஆயினும் அவன் மடியும்போது அவையோர் கண்கள் கலங்குகின்றன. அறிவு 'இது பொய்' என்கின்றது. உள்ளமோ 'இது மெய்' என்கின்றது. இவ்விரண்டும் ஒரே வேளையில் ஒருவரிடமே நிகழ்வது வியப்பன்றோ? பழந்தமிழ் இலக்கணமாகிய தொல்காப்பியம், நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் இரண்டினை எடுத்துக் கூறி, அவை இரண்டும் இயைந்த நெறியே புலவர்தம் பாடல் நெறி என்று காட்டும். புனைவு மட்டும் இருந்தால் உள்ளம் ஒட்டாது. உலகியல் மட்டும் இருந்தால் சுவை பிறவாது. இவ்வுண்மை ஓலையில் எழுதிய பாடலுக்கு மட்டுமன்றி, வீட்டுக்குள்ளேயே வந்து நிகழும் தொலைக்காட்சி நாடகத்துக்கும் பொருந்தும். இந்திய நாட்டின் முதல் தொலைக்காட்சித் தொடர் நாடகத்தின் வரலாறு இதற்குச் சான்றாக விளங்குகின்றது.

தில்லியில் 1959ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், சோதனை முறையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. 1982ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் வந்தன. அதன்பின் 1984ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடர் நாடகத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பத் தொடங்கிற்று. அப்பெயர் 'நாம்' என்று பொருள்படும். மனோகர் சியாம் ஜோஷி என்னும் எழுத்தாளர் அதனை எழுதினார், பி. குமார் வாசுதேவ் இயக்கினார். 1985ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள்வரை, ஏறத்தாழப் 17 திங்கள், 150க்கும் மேற்பட்ட பகுதிகளாக அது நடைபெற்றது.

இத்தொடருக்குத் தூண்டுகோலாய் அமைந்தது, கடலுக்கு அப்பாலுள்ள மெக்சிகோ நாட்டின் பட்டறிவாகும். அந்நாட்டு நாடகக் கலைஞர் மிகெல் சபீதோ, 1970களில் எழுத்தறிவு, குடும்பநலம் முதலிய கருத்துகளைத் தொடர் நாடகங்களின் வழியே மக்களிடம் பரப்பினார். பின்பற்றத்தக்கோர், விலக்கத்தக்கோர், இருவர்க்கும் இடையே நின்று தடுமாறித் தெளிவோர் என மூவகை மாந்தரை அவர் தம் நாடகங்களில் அமைத்தார். தடுமாறித் தெளிபவரோடு காண்போரும் சேர்ந்து தெளிவர் என்பது அவர் கொண்ட முறை. அம்முறையை ஓரளவு தழுவியே 'ஹம் லோக்' அமைந்தது.

வட இந்திய நகரம் ஒன்றில் வாழும் கீழ்நடுத்தரக் குடும்பமே கதைக்களம். ஒரு கூரையின்கீழ் மூன்று தலைமுறையினர் வாழ்கின்றனர். படைவீரராய் இருந்து ஓய்வு பெற்றவர் பாட்டனார். பாட்டியார் இமர்த்தி தேவி, பழைமை விடாதவர். அவர்கள் மகன் பசேசர் ராம் மதுவுக்கு அடிமைப்பட்டவன்; அவனால் குடும்பம் அல்லற்படுகின்றது. அவன் மனைவி பாகவந்தி, எத்துன்பம் வரினும் வாய் திறவாது பொறுப்பவள். மூத்த மகன் லல்லு வேலை தேடி அலைகின்றான். இளையவன் நன்ஹே கிரிக்கெட் வீரனாக விரும்புகின்றான். மூத்த மகள் பட்கி பெண்கள் நலத்துக்குப் பாடுபட முனைகின்றாள். நடு மகள் மஜ்லி திரைப்பட ஆசையால் பம்பாய் சென்று ஏமாற்றம் அடைகின்றாள். கடைக்குட்டி சுட்கி மருத்துவராக வேண்டும் என்று கனவு காண்கின்றாள். அரசரும் இல்லை, அரக்கரும் இல்லை, அடுத்த வீட்டில் காணத்தக்க மாந்தரே இக்கதையில் உலவினர்.

இத்தகைய நாடகமும் தொடக்கத்தில் மக்கள் உள்ளத்தைக் கவரவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக் கருத்தை வலியுறுத்த வேண்டும் என்னும் ஆர்வத்தால், முதற் பதின்மூன்று பகுதிகளில் அறிவுரை மிகுந்து நின்றது. கதைமாந்தர் தம் வாழ்வைப் பேசுவதை விடுத்துக் கொள்கையைப் பேசினர். காண்போர் சலிப்புற்றனர், குறை கூறினர். அறிவுரையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் வீட்டில் உண்ணும்போதும் உறங்கப்போகும்போதும் எவரும் அவ்வாறு பேசுவதில்லை. உலகியல் வழக்கு குன்றியதால் நாடக வழக்கும் பயனற்றுப் போயிற்று. குறையை உணர்ந்தவர்கள் கதையின் போக்கை மாற்றினர். அறிவுரை பின்னே சென்றது. குடும்பத்தின் இன்பதுன்பம் முன்னே வந்தது. அதன் பின்னரே மக்கள் அத்தொடரை ஆவலோடு எதிர்நோக்கலாயினர்.

அதன் நம்பத்தக்க தன்மைக்குக் காரணங்கள் சில உண்டு. முதலாவது, நடித்தவர்களுள் பெரும்பாலோர் திரைப்படங்களால் புகழ் பெற்றவர் அல்லர். முன்பின் அறியாத முகம் ஆதலின், காண்போர் நடிகரை மறந்து பட்கியையும் லல்லுவையுமே கண்டனர். இரண்டாவது, தொடர் நாடகத்தின் காலப்போக்கு. இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும் கதையில் வறுமையும் விரைவில் தீரும். பகையும் விரைவில் மாறும். பல திங்கள் நீளும் தொடரிலோ லல்லுவுக்கு வேலை கிடைக்க நாளாகின்றது. பட்கியின் திருமணம் கைகூட நாளாகின்றது. உண்மை வாழ்விலும் அப்படித்தானே! மூன்றாவது, பேச்சு வழக்கு. வீட்டில் வழங்கும் எளிய இந்தியிலேயே கதைமாந்தர் உரையாடினர். இக்காரணம் எத்துணை வலியது என்பதை மறுபுறத்தே நின்றும் உணரலாம். இந்தி வழக்கில் இல்லாத சென்னை போன்ற இடங்களில் அத்தொடரைக் கண்டோர் தொகை குறைவாகவே இருந்தது. தம் வீட்டு மொழியில் பேசாத குடும்பத்தை அவர்கள் தம் குடும்பமாக எங்ஙனம் கொள்வர்?

நான்காவது காரணமும் ஒன்றுண்டு. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும், முதுபெரும் திரைப்பட நடிகர் அசோக் குமார் தோன்றுவார். நடந்த நிகழ்ச்சியைச் சுருக்கிக் கூறி, அதனுள் அடங்கிய அறச்சிக்கலை எடுத்துக்காட்டி, காண்போரைச் சிந்திக்கத் தூண்டுவார். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேரக் குழந்தைகளோடு பேசும் பெரியவரைப் போல் அவர் பேசினார். அதனால் காண்போர் வாளா அமர்ந்திருக்கவில்லை. தாமும் விடை கூற விழைந்தனர்.

அவ்விழைவு கடிதங்களாய்ப் பெருகியது. தூர்தர்ஷனுக்கும் நடிகர்களுக்கும் வந்த கடிதங்களின் தொகை ஏறத்தாழ 4,00,000 என்று மதிப்பிடப்படுகின்றது. பட்கிக்கு அறிவுரை கூறி எழுதியோர் பலர். அவளுக்கும் மருத்துவன் அஸ்வினிக்கும் திருமணம் நடைபெறும் பகுதி ஒளிபரப்பான நாளில், வட இந்தியாவில் பல கடைவீதிகள் வழக்கத்துக்கு முன்பே அடைக்கப்பட்டன. மணமக்களுக்கு வாழ்த்துத் தந்திகளும் வந்தன. பாட்டியார் புற்றுநோயால் துன்புற்றபோது, அவர் இறத்தல் கூடாது என்று காண்போர் வேண்டினர். அவ்வேண்டுகோளால் அப்பாத்திரத்தின் வாழ்நாள் கதையில் நீட்டிக்கப்பட்டது. காண்போரின் அன்பு, எழுதுவோர் கைக்கோலையே திருப்பியது என்று கூறினும் மிகையாகாது.

நடவாத திருமணத்துக்கு வாழ்த்து அனுப்பியவர்களை அறியாமை உடையோர் என்று இகழ்வது எளிது. ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பட்கி என்றொரு பெண் இல்லை என்பதை அவர்களுள் பெரும்பாலோர் அறிந்தே இருப்பர். எனினும், மணமாகாது காத்திருக்கும் மகள் அவர்கள் வீட்டிலும் இருந்தாள். குடியால் குலைந்த தந்தை அவர்கள் தெருவிலும் இருந்தான். தம் வீட்டுத் துயரை வெளியே கூற நாணியவர்கள், பட்கியின் பெயரால் அதனைக் கூறினர். தம் மகளுக்குச் சொல்ல இயலாத ஆறுதலைத் திரையில் தோன்றிய மகளுக்குச் சொன்னார்கள். பொய்யான பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் மெய்யான கண்ணீர் கலந்திருந்தது. நல்ல நாடகம் காண்போரை ஏமாற்றுவதில்லை. அவர்கள் வாய்விட்டுப் பேச ஒரு வாயிலைத் திறந்துவிடுகின்றது.

ஆயினும் இவ்வரலாற்றில் எச்சரிக்கை ஒன்றும் அடங்கியுள்ளது. பாகவந்தியின் கதையே அது. கணவன் குடித்துவிட்டு வந்து இழித்துரைக்கின்றான், மாமியார் கடிந்துரைக்கின்றார், அவளோ அனைத்தையும் பொறுக்கின்றாள். வாய் திறவாது இத்தனையும் பொறுத்தல் பெண்ணுக்கு நன்மை தாராது. அது தீமையையே வளர்க்கும் என்று உணர்த்தவே அப்பாத்திரம் படைக்கப்பட்டது. அவளைக் கண்டு, 'இவ்வாறு வாழ்தல் கூடாது' என்று பெண்கள் உறுதி கொள்வர் என எதிர்பார்க்கப்பட்டது. தொடர் முடிந்தபின் அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் என்னும் ஆய்வாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்தனர். காண்போருள் பலர், பெண்களும் உட்பட, பாகவந்தியையே பின்பற்றத்தக்க பெண்மணியாகப் போற்றியதை அவர்கள் கண்டனர். விலக்குதற்கென்று காட்டிய வழியே சிலருக்கு ஏற்கத்தக்க வழியாய்த் தோன்றிற்று!

இதற்குக் காரணம் யாது? பாகவந்தி மிகவும் உண்மையாய் இருந்தாள் என்பதே. அத்தகைய தாயை, அத்தகைய அண்ணியை, அத்தகைய அண்டை வீட்டுப் பெண்ணைக் காண்போர் அறிந்திருந்தனர். அறிந்த முகத்தின்மீது அன்பு பிறந்தது. அன்பு பிறந்த இடத்தே ஆராய்ச்சி அடங்கிற்று. அவள் பொறுமையைக் கண்டு உருகியவர்கள், அப்பொறுமையால் பசேசர் ராம் திருந்தினானா, மகளிர் வாழ்வு செழித்ததா என்று கேட்க மறந்தனர். இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. நம்பத்தக்கது வேறு, பின்பற்றத்தக்கது வேறு. 'இவ்வாறு நடக்கும்' என்று நாடகம் காட்டலாம். 'இவ்வாறு நடத்தல் தகுமா?' என்னும் வினாவைக் காண்போரே எழுப்புதல் வேண்டும்.

ஆகவே ஒரு குடும்ப நாடகத்தைக் காணும்போது மூன்று வினாக்களை உள்ளத்தில் கொள்ளுதல் நலம். இம்மாந்தர் தம் நிலைக்கும் குணத்துக்கும் ஏற்பப் பேசுகின்றனரா என்பது முதல் வினா. ஒரு நிகழ்ச்சி முன் நிகழ்ந்தவற்றின் விளைவாய் வருகின்றதா, அன்றி வியப்பூட்டும் பொருட்டு வலிந்து புகுத்தப்பட்டதா என்பது இரண்டாம் வினா. இவ்விரண்டும் நாடகத்தின் நம்பத்தக்க தன்மையை அளக்கும் கோல்கள். மூன்றாம் வினா காண்போர் தம்மையே நோக்கி எழுப்ப வேண்டியது: 'இதனைக் கண்டு உள்ளம் உருகியது, உருகிய பின் அறிவு என்ன கூறுகின்றது?' முதலிரண்டு வினாக்களை மட்டும் கேட்போர் நல்ல சுவைஞர் ஆவர். மூன்றாவதையும் கேட்போரே நல்ல குடிமக்கள் ஆவர்.

'ஹம் லோக்' முடிந்த அடுத்த ஆண்டே, நாட்டுப் பிரிவினையால் இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் கதையைக் கூறும் 'புனியாத்' என்னும் தொடர் தோன்றியது. அதனையும் ஜோஷியே எழுதினார். அதன்பின் இந்திய மொழிகள் பலவற்றிலும் குடும்பத் தொடர்கள் எண்ணிறந்தன வந்தன. இன்று ஒவ்வொரு வீட்டின் மாலைப் பொழுதிலும் ஏதேனும் ஒரு கற்பனைக் குடும்பம் விருந்தாக வருகின்றது. வந்த விருந்தை முகமலர்ந்து வரவேற்றல் தமிழர் பண்பு. ஆனால் விருந்தினர் கூறுவன அனைத்தையும் வீட்டின் சட்டமாகக் கொள்வார் எவரும் இலர். கற்பனைக் குடும்பத்தோடு சிரிக்கலாம், அழலாம், அதன் துன்பத்தில் தம் துன்பத்தைக் கண்டு தேறலாம். திரை ஒளி அடங்கிய பின்னர், எதிரே அமர்ந்திருக்கும் மெய்யான தாயையும் தமக்கையையும் நோக்குதல் வேண்டும். அங்கே ஒரு பாகவந்தி வாய் திறவாது துயருறின், அவள் சொல்லைக் கேட்கச் செவி கொடுத்தலே நாடகம் கண்டதன் முழுப் பயன் ஆகும்.