நாகசுரக் கலைஞரும் தொண்டை நலமும்

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்குகின்றன. அவற்றைத் தொடர்ந்து பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, வைகாசி விசாகம் என நாகசுரக் கலைஞர்களுக்கு ஓய்வில்லாத காலம். இம்மாதங்களில் எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வரும் கலைஞர்கள் பெரும்பாலும் கூறுவது ஒன்றே: "தொண்டை எரிகிறது, நாளைக்கு முகூர்த்தம், இன்றைக்குள் சரியாக வேண்டும்." ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியைக் கைவிட இயலாது என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும், வலி இத்தொழிலோடு ஒட்டிப் பிறந்தது, பொறுத்துக்கொள்ள வேண்டியது என்னும் எண்ணம் சரியன்று.

தொண்டை ஏன் வலிக்கிறது?

நாகசுரத்தில் ஒலியை எழுப்புவது சீவாளி. அதனை அதிரச் செய்யும் காற்றை நுரையீரல் தருகிறது; அக்காற்றை அளவோடு தள்ளும் வேலை வயிற்றுத் தசைகளுக்கும் விலாத் தசைகளுக்கும் உரியது. தொண்டை காற்று செல்லும் வழி மட்டுமே. வயிற்றுத் தசைகள் தளரும்போது கலைஞர் தம்மை அறியாமலே தொண்டையை இறுக்குகிறார். குரல்நாண்கள் நெருங்கிவர, அவ்விடுக்கின் வழியே காற்று அழுத்தத்துடன் பாய்கிறது. எரிச்சல், வறட்சி, கரகரப்பு ஆகியவை இவ்வாறு தோன்றுகின்றன. வாசிக்கும்போது தோள்கள் உயர்வதும், தொண்டையில் மெல்லிய உறுமல் கேட்பதும் இவ்விறுக்கத்தின் அடையாளங்கள்.

சீவாளியும் ஒரு காரணம். மிகக் கடினமான சீவாளிக்கு மிகுந்த அழுத்தம் தேவை. பயிலத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இளகிய சீவாளியைத் தருவது நன்று. சளி, காய்ச்சல் உள்ளவரின் சீவாளியை மற்றவர் வாயில் வைக்கலாகாது.

வாசிக்கும் முன்னும் வாசிக்கும்போதும்

கண்ணாடியில் ஆவி படிய வாய் திறந்து, ஓசையின்றி ஊதிப் பாருங்கள். அப்போது தொண்டை விரிந்திருப்பதை உணரலாம். அவ்வுணர்வோடு ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, நீண்ட ஒரே சுரத்தை மென்மையாக ஊதிப் பழகுங்கள். மேல் சுரங்களுக்குச் செல்லும்போது கழுத்து இறுகினால், நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள்.

மூக்கின் வழியே இழுக்கும் காற்று ஈரமும் வெதுவெதுப்பும் பெற்று உள்ளே செல்கிறது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, இடைவிடாது வாசிக்கும்போதும் மூச்சை உள்ளிழுப்பது மூக்கே. மூக்கடைப்பு உள்ளவர் வாயாலேயே மூச்சு வாங்குவதால் தொண்டை விரைவில் உலர்ந்துவிடுகிறது. எனவே நாள்பட்ட மூக்கடைப்புக்கு முதலில் சிகிச்சை பெறுதல் வேண்டும்.

உருப்படிகளுக்கு இடையே, தவில் தனியாக ஒலிக்கும் நேரத்தில், இரண்டு மிடறு நீர் அருந்துங்கள். ஓமப் புகையும் வெடிப் புகையும் நேரே வந்து படாத இடத்தில் அமர இயன்றவரை முயலுங்கள். தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்தல் குரல்நாண்களை மேலும் புண்ணாக்கும். அதற்குப் பதிலாக ஒரு மிடறு நீரை விழுங்குங்கள்.

உணவும் வெற்றிலையும்

வயிறு நிறைய உண்டவுடன் ஊதினால், வயிற்றில் ஏற்படும் அழுத்தத்தால் அமிலம் மேலேறித் தொண்டையைத் தாக்கக்கூடும். காலையில் எழும்போது புளிப்பும் கரகரப்பும் இருப்பது இதன் குறி. வாசிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உணவை முடித்துக்கொள்ளுங்கள். இரவு ஊர்வலம் முடிந்து பந்தியில் உண்டவர் உடனே படுக்கக் கூடாது. உணவுக்கும் உறக்கத்துக்கும் இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி தேவை. அது இயலாத இரவுகளில் உணவைக் குறைத்து, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுங்கள்.

மேளக்காரர் பலருக்கு வெற்றிலைச் செல்லம் உடன்வரும் துணை. அதைப் பற்றி நாங்கள் ஒளிவின்றிச் சொல்ல வேண்டியுள்ளது. புகையிலை வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோயைத் தருகிறது. புகையிலை சேராத பாக்கும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. வாய் திறக்க முடியாதபடி கன்னங்களை இறுகச் செய்வதும் அதுவே. கன்னம் இறுகினால் வாசிப்பும் நின்றுபோகும்.

வலி வந்துவிட்டால்

ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளியுங்கள். ஓரிரு நாள் ஊதுவதை நிறுத்துங்கள்; பேச்சையும் குறையுங்கள். கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வாகாது.

கீழ்க்கண்டவற்றுள் எது தோன்றினும் தாமதமின்றி வாருங்கள்:

• மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கரகரப்பு அல்லது ஆறாத வாய்ப்புண்
• விழுங்குவதில் தடை, ஒரு பக்கக் காதில் தொடரும் வலி
• எச்சிலில் இரத்தம், கழுத்தில் கட்டி
• ஊதும்போது கழுத்தில் புதிதாகப் புடைப்பு, அல்லது மூக்கின் வழியே காற்றுக் கசிதல்

மூச்சுத் திணறல் இருப்பின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

மெல்லிய குழாய்க் கருவியால் குரல்நாண்களைப் பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். வரும்போது நாகசுரத்தையும் சீவாளிகளையும் கொண்டுவாருங்கள். நீங்கள் ஊதும் முறையைப் பார்த்தால் காரணத்தை அறிவது எங்களுக்கு எளிதாகும்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்: வாசிப்பவர் தம் குரல் மாறியதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வீட்டில் நாள்தோறும் அக்குரலைக் கேட்பவர் நீங்கள். மூன்று வாரம் கடந்தும் அது தெளியவில்லையெனில், அடுத்த முகூர்த்தம் முடியட்டும் என்று காத்திராமல் அவரை அழைத்து வாருங்கள். தொண்டைப் புற்றுநோயாயினும் தொடக்கத்தில் கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.