வீட்டுக்கு ஒரு கணினி, ஆளுக்கு ஒரு கணக்கு



2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் வகுப்பறை வீட்டுக்குள் வந்தது. குண்டசாலை, திகன, தெல்தெனிய என்று எங்கு பார்த்தாலும், வீட்டிலிருந்த ஒரே கைத்தொலைபேசியை அல்லது மடிக்கணினியை அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பாவித்த காலம் அது. பின்னர் பாடசாலைகள் திறந்தன. கருவியோ வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்று மகனின் பாடம், மகளின் மின்னஞ்சல், தந்தையின் வங்கிக் கணக்கு, வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்குத் தாய் எழுதும் குடும்பச் செய்தி ஆகிய அனைத்தும் அதற்குள் இருக்கின்றன.

ஒரே கருவியைப் பலர் பாவிப்பதில் தவறில்லை. ஆனால் ஒரே கணக்கைப் பலர் பாவிக்கலாமா? இதையே இவ்வாரம் ஆராய்வோம்.

1. இது என்ன கணினி?

சாதாரண கணினி நம் எழுத்துகளையும் படங்களையும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. ‘குரோம்புக்’ எனப்படும் மடிக்கணினியோ அவற்றில் பெரும்பகுதியை இணையத்தின் வழியாகத் தூரத்திலுள்ள நிறுவனக் கணினிகளில் சேமிக்கிறது. இப்படிச் சேமிக்கும் இடத்தையே ‘மேகம்’ என்கின்றனர். இக்கணினிக்குரிய இயக்க முறையைக் கூகுள் நிறுவனம் 2009ஆம் ஆண்டு அறிவித்தது. 2011இல் முதற் கருவிகள் விற்பனைக்கு வந்தன.

இதனால் ஒரு பெரிய வசதி உண்டு. கருவி உடைந்துபோனாலும் வேறொன்றில் உங்கள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டால், மேகத்திலுள்ள உங்கள் கடிதங்கள் திரும்பவும் கிடைக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கடவுச்சொல்லை அறிந்தவர் உங்கள் வீட்டுக்கு வரவேண்டியதில்லை. எந்த நாட்டிலிருந்தும், எந்தக் கணினியிலிருந்தும் அவர் உங்கள் பெட்டியைத் திறக்க முயலலாம். ஆகவே இங்கே பூட்டு என்பது கணினியின் மூடி அன்று. உங்கள் கணக்கே பூட்டு, கடவுச்சொல்லே சாவி. கடவுச்சொல்லுக்குப் பின் உங்கள் கைத்தொலைபேசியிலும் ஒப்புதல் கேட்கும் ‘இரு படிச் சரிபார்ப்பு’ என்னும் இரண்டாம் தாழ்ப்பாளையும் போட்டுக்கொள்வது நல்லது.

2. தனித்தனிப் பெட்டிகள்

ஒரே காம்பராவில் குடும்பம் முழுவதும் வாழ்ந்த லயத்து வீடுகளிலும், மகளுக்கென்று ஒரு டிரங்குப் பெட்டி இருப்பதுண்டு. அதைத் தாயும் கேட்டுத்தான் திறப்பாள். குரோம்புக்கிலும் இந்த ஒழுங்கு இருக்கிறது.

தொடக்கத் திரையில் ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கால் நுழைந்தால், அவரவர் கோப்புகள் தனித்தனியே மறைகுறியாக்கிச் சேமிக்கப்படும். ஒருவர் பெட்டியை மற்றவர் திறக்க முடியாது. முதன்முதலில் நுழைந்தவரே வீட்டுக் கருவியின் ‘உரிமையாளர்’ ஆகிறார். யார் யார் நுழையலாம், விருந்தினர் நுழையலாமா என்பவற்றை அவர் தீர்மானிக்கலாம். ஆனால் உரிமையாளர் என்பதற்காக மற்றவரின் கோப்புகளை அவரால் படிக்க முடியாது. எனவே கணினியை வாங்கியதும் முதலில் நுழையவேண்டியவர் குடும்பத்தில் பொறுப்புள்ள பெரியவரே. அவசரப்படும் சின்ன மகன் அல்லன்.

3. ஏமாறும் இடங்கள்

முதலாவது: தந்தை தம் கணக்கில் நுழைந்திருக்கும்போது, மகள் அதற்குள்ளேயே தன் மின்னஞ்சலையும் சேர்த்துக்கொள்கிறாள். திரையில் இரு பெயர்கள் தெரிவதால் இரு பெட்டிகள் என்று எண்ணுகிறோம். உண்மையில் மகள் தன் பொருளைத் தந்தையின் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். தந்தையின் கடவுச்சொல்லால் அதுவும் திறந்துகொள்ளும்.

இரண்டாவது: ஒரே நேரத்தில் இருவர் நுழைந்து, கடவுச்சொல் இல்லாமலே ஒருவர் பக்கத்திலிருந்து மற்றவர் பக்கத்துக்கு மாறும் வசதி. முழு நம்பிக்கை உள்ளவர்களுக்கு மட்டுமே அது ஏற்றது. மற்றவர்கள் வேலை முடிந்ததும் வெளியேறிவிடவேண்டும். சற்று எழுந்து போவதானாலும் திரையைப் பூட்டவேண்டும்.

மூன்றாவது: ‘விருந்தினர்’ முறை. அயல்வீட்டார் ஒரு விண்ணப்பம் நிரப்ப வந்தால் இம்முறையைத் திறந்துகொடுங்கள். அவர் வெளியேறியதும் அவர் பார்த்தவை கருவியிலிருந்து அழிந்துவிடும். ஆனால் அவர் சென்ற இணையத்தளமும், இணைப்புத் தரும் நிறுவனமும் அவர் வருகையை அறியக்கூடும். கருவியில் தடம் இல்லை என்பதால் எங்குமே தடம் இல்லை என்று எண்ணலாகாது.

நான்காவது: பாடசாலை தந்த கணக்கு. அதை நிர்வகிப்பது பாடசாலையே. கடவுச்சொல்லை மாற்றவும், பிள்ளை விலகியபின் கணக்கை மூடவும் நிர்வாகிக்கு முடியும். ஆகவே அதைப் பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் புகைப்படங்களும் சொந்தக் கடிதங்களும் அதில் வேண்டாம்.

4. பெற்றோர் எதுவரை பார்க்கலாம்?

இக்கேள்வியே எல்லாவற்றிலும் கடினமானது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் உண்டு. அது நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது. ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காக மட்டும் கையாளும் தரவுகளுக்கு அது பொருந்தாது. அதாவது, அச்சட்டம் நம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் ஒருவர் அந்தரங்கத்தை மற்றவர் மதிப்பது நம் மனச்சாட்சியைப் பொறுத்தது.

பிள்ளைக்கு அந்தரங்கம் எதற்கு என்று கேட்போர் உண்டு. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் தன் 16ஆம் உறுப்புரையில் அவ்வுரிமையைப் பிள்ளைகளுக்கும் வழங்குகிறது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிசெய்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் 220ஆம் எண்ணில், ஒருவர் தம் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையை எவரும் மீறலாகாது என்கிறது. அது வயது வந்தவருக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று.

அப்படியானால் பெற்றோர் கண்ணை மூடிக்கொள்ளவேண்டுமா? இல்லை. இணையத்தில் முகமறியாதவர் பிள்ளையோடு நட்புப் பேசுவதும், ஒரு படத்தை வாங்கிக்கொண்டு பின்னர் மிரட்டுவதும் உண்மையான ஆபத்துகளே. பிள்ளையைக் காப்பது பெற்றோரின் கடமை. ஆனால் காவல் காப்பது வேறு, ஒற்றுப் பார்ப்பது வேறு. பிள்ளைக்குத் தெரிந்தே செய்வது காவல். தெரியாமல் செய்வது ஒற்று.

13 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, ‘ஃபேமிலி லிங்க்’ என்னும் முறையால் பெற்றோரின் மேற்பார்வைக்குட்பட்ட கணக்கை அமைக்கலாம். எவ்வளவு நேரம் பாவிக்கலாம், எந்தத் தளங்களுக்குப் போகலாம் என்பவற்றைப் பெற்றோரே வரையறுக்கலாம். அப்போது விருந்தினர் முறையை மூடிவிட மறவாதீர்கள். இல்லையேல் முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைத்ததுபோலாகும்.

வளர்ந்த பிள்ளைகளோடு பேசி ஒழுங்கு செய்யுங்கள். கணினி முன்கூடத்தில் இருக்கட்டும். இரவு இன்ன நேரத்துக்குப்பின் மூடப்படட்டும். கடவுச்சொல்லைக் களவாகப் பார்த்து மின்னஞ்சலைப் படிக்கவேண்டாம். அது தெரியவரும் நாளில் பிள்ளை திருந்துவதில்லை. உங்களுக்குத் தெரியாத இன்னொரு கணக்கைத் தொடங்குகிறது. பின்பு ஒருவன் மிரட்டும்போது, ‘அம்மாவிடம் சொல்வோம்’ என்ற எண்ணமே அதற்கு வராது. நாம் இழப்பது அந்த ஒரு வார்த்தையை. ஆபத்து வந்துவிட்டது என்று நியாயமான ஐயம் எழுந்தால், பிள்ளையை அருகில் இருத்தி, காரணத்தைச் சொல்லி, சேர்ந்தே திறந்து பாருங்கள்.

கணவன் மனைவிக்கும் ஒரு சொல். ‘அன்பிருந்தால் கடவுச்சொல்லைத் தா’ என்று கேட்பது அன்பின் அடையாளம் அன்று. கேட்காமலே நம்புவதுதான் அன்பு.

5. கைமாறும் முன்

ஒருவரின் கணக்கைக் கருவியிலிருந்து அகற்றினால், மேகத்திலுள்ளவை அழியாது. கருவியில் மட்டும் இறக்கி வைத்தவை அழிந்துவிடும். ஆகவே வேண்டியவற்றை முன்னரே மேகத்துக்கு மாற்றுங்கள். அங்கே இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகாபைட் இடம். மின்னஞ்சல், கோப்புகள், புகைப்படங்கள் மூன்றும் அதற்குள் அடங்கவேண்டும். கருவியை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ போகிறீர்களானால், ‘பவர்வாஷ்’ என்னும் முறையால் முழுவதும் துடைத்துவிடுங்கள். களவு போனால், வேறொரு கருவியிலிருந்து உங்கள் கணக்கைத் திறந்து, காணாமற்போன கருவியை அதிலிருந்து வெளியேற்றி, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட கணக்கைக் கூகுள் நீக்கிவிடக்கூடும் என்பதும் நினைவிலிருக்கட்டும். பாட்டியின் படங்கள் அவரது பழைய கணக்கிலேயே கிடக்கலாம் அல்லவா?

இறுதியாக ஒன்று. வீட்டாரிடமிருந்து பூட்டிய பெட்டி நிறுவனத்திடமிருந்தும் பூட்டியதாகாது. சாதாரண கணக்கில் மேகத்தில் வைத்ததற்கு நிறுவனத்திடமும் ஒரு சாவி உண்டு. வேறெவர் கண்ணிலும் படக்கூடாத ஒன்றை அங்கே வைக்காதிருப்பதே விவேகம்.

குடும்பமாகக் கலந்துரையாட:

1. நம் வீட்டில் ஒருவர் கணக்கைப் பலர் பாவிக்கிறோமா? அதைப் பிரிக்க எந்த நாளை ஒதுக்குவோம்?

2. பிள்ளைகள் கணினியைப் பாவிப்பதற்கான ஒழுங்குகளைப் பெற்றோர் தனியே விதித்தார்களா, அல்லது எல்லோரும் கூடிப் பேசினோமா?

3. இணையத்தில் ஒருவர் நம் பிள்ளையை மிரட்டினால், அது முதலில் யாரிடம் வந்து சொல்லும்? நம்மிடம் என்று துணிந்து சொல்ல முடியுமா?