மருமகனே, சாதாச் சட்டையில் போ

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே உன் போட்டோவைக் காட்டினாள் உங்கம்மா. கறுப்புப் பனியன், நெஞ்சுக்குக் குறுக்கே ராயல் என்ஃபீல்டு என்று எழுத்து, கையில் அதே பேர் போட்ட சாவிவளையம். வண்டியைத்தான் காணோம்! “மாப்பிள்ளை வரும் முன்னே மாலை வந்துட்டு” என்றேன். சிரித்தாள். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள், முன்பணத்துக்குத் தன் சீட்டை எடுத்துத் தரப்போகிறாளாம். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

வண்டி ஆசை தப்பில்லை ஐயா. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்று நரைத்தவன் நான். புல்லட் சத்தம் கேட்டால் இன்றைக்கும் திரும்பிப் பார்ப்பேன். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் ஊர்க் கம்பெனி. நம்ம ராணுவம் அவர்கள் புல்லட்டை வாங்கப் போய், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து இங்கே கால் ஊன்றியது. ரெட்டிச்சில் கடையைச் சாத்திய பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. அதை நினைத்து நீ பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பெருமையைத்தான் இப்போது பனியன், ஜாக்கெட், பூட்ஸ் என்று தனியாக விற்கிறார்கள். வண்டியைப் பத்து வருஷத்துக்கு ஒருதடவை வாங்குவாய். பனியனைத் தீபாவளிக்குத் தீபாவளி வாங்குவாய். போட்டுக்கொண்டு நடக்கிற தெருவெல்லாம் அவர்களுக்கு விளம்பரம். உலகத்துக்கே இந்த வித்தையைக் காட்டிக்கொடுத்தது ஹார்லி டேவிட்சன்தான். அந்த வண்டியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் அந்தப் பேரை முதுகில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

முக்கூடல்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். சொக்கலால் ராம்சேட் பீடி என்று நம்ம ஊர்ச் சரக்கை ஊர் ஊராகக் கொண்டுபோனது ஒரு லேபிள். லேபிளுக்கு உள்ள மதிப்பு வேறு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற கைக்கு உள்ள மதிப்பு வேறு. அந்தக் கையில் சேர்ந்த பணம்தான் உங்கம்மாவின் சீட்டு.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். அப்பாச்சிதான் உசத்தி என்று சொன்னதற்காக அறைக்கூட்டாளியோடு நீ பேசுவதில்லையாமே? அது டி.வி.எஸ். வண்டி. அந்தக் கம்பெனிக்கு விதை போட்ட சுந்தரம் அய்யங்கார் நம்ம திருக்குறுங்குடிக்காரர். அப்படிப் பார்த்தால் நீதான் ஊர்ப்பாசம் இல்லாதவன்! 2007-ல் எஞ்சின் காப்புரிமைக்காக பஜாஜும் டி.வி.எஸ்ஸும் சென்னை உயர் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. 2019-ல் சமாதானமாகிவிட்டன. 2017-ல் புல்லட் ஓட்டுகிறவர்களை யானை மேல் ஏற்றிக் கேலி செய்து தன் டோமினார் வண்டிக்கு விளம்பரம் போட்டதும் பஜாஜ்தான். முதலாளிமார் இன்றைக்கு மோதுவார்கள், நாளைக்குக் கைகுலுக்குவார்கள். உனக்கும் அந்தப் பையனுக்கும் எதுக்கு மனஸ்தாபம்?

அவர்கள் போட்டி போடட்டும், வாங்குகிறவனுக்கு அது நல்லது. புல்லட் சந்தையில் பங்கு கேட்டுத்தான் 2023-ல் பஜாஜ் டிரையம்ஃபோடு சேர்ந்து ஸ்பீட் 400-ஐ இறக்கியது. அதே வருஷம் ஹீரோ ஹார்லியோடு சேர்ந்து எக்ஸ் 440-ஐ இறக்கியது. நாலு கடை திறந்திருக்கும்போது நீ ஏன் ஒரே வாசலில் நிற்கிறாய்? நெஞ்சில் பேரை எழுதிக்கொண்டு உள்ளே போகிறவனுக்கு எவன் விலை குறைப்பான்? எந்தக் கட்சியும் சேராதவன்தான் பேரம் பேச முடியும்.

அதனால் சாதாச் சட்டையில் போ. மூன்று கம்பெனி வண்டியையாவது ஓட்டிப் பார். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஏறி உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா, மேட்டில் பின்னால் தள்ள முடிகிறதா என்று பார். கொட்டேஷனை வரி வரியாகப் படி. கம்பி, உறை, கவர் என்று நீ கேட்காத சாமானெல்லாம் அதில் ஏறியிருக்கும். வேண்டாததை அடிக்கச் சொல்லு.

ஹெல்மெட்டை மட்டும் வண்டிக்கு முன்னாலேயே வாங்கு. அதில் யார் பேர் இருந்தாலும் சரி, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். தாடைப் பட்டையை மாட்டாமல் தொங்கவிடுகிற பழக்கம் உனக்கு உண்டு. சின்னப் பிள்ளையில் என் டி.வி.எஸ். 50-ல் முன்னால் நின்றுகொண்டு முத்துமாலையம்மன் கோயிலுக்கு வருவாயே, அப்போதும் சொன்ன இடத்தில் கைவைக்க மாட்டாய், ஹாரனைத்தான் பிடிப்பாய்! இப்போது பின்னால் இருந்து பிடித்துக்கொள்ள நான் இல்லை. பட்டை ‘கிளிக்’ என்று மாட்டின சத்தம் கேட்காமல் கிளம்பாதே. வாரம் ஒருதடவை காற்றுப் பார், செயினுக்கு எண்ணெய் விடு.

சீட்டு வேண்டாம் என்று அம்மாவுக்கு இன்றைக்கே போன் போடு. உன் சம்பளத்தில் ஆறு மாசம் சேர்த்தால் முன்பணம் வந்துவிடும், நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். கொட்டேஷன் தாள் கைக்கு வந்ததும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
மாமா